கூஜா வூட்டு மேற்குச் சுவர்

அநீதிக்கு ஆளானவர் என் அம்மா நீலாவதி. இழைத்தவர் என் அப்பா பழமலை. நடந்த இடம் எங்கள் வீட்டு மேற்குச் சுவர். நடந்த காலம் இருபத்திரண்டு வருடம். நான் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். எதையும் இந்த வரிசையில் சொன்னால்தான் எனக்கு மூச்சு விட வரும்.

விஷயம் இதுதான். நான் பிறந்து மூன்று மாதம். கருவேப்பிலங்குறிச்சித் தாய்வீட்டிலிருந்து அம்மா என்னையும் ஒரு தையல் மெஷினையும் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். (அப்பா 'வந்தார்', அம்மா 'வந்தாள்' என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் உண்டு. ஆனால் அம்மாவை 'வந்தார்' என்று எழுதினால் யாரோ தலைமை ஆசிரியை வந்த மாதிரி இருக்கிறது. போகட்டும்.) எங்கள் மேற்குச் சுவர் கடலூர் ரோட்டைப் பார்த்தது. இருபது அடி நீளம். அதில் 'நீலாவதி தையலகம்' என்று எழுத அம்மா ஆனந்தராஜ் மாமாவிடம் சொல்லியிருந்தாள். மாமாவுக்கு செராமிக் தொழிற்பேட்டையில் கொலு பொம்மைகளுக்குக் கண் வரைகிற வேலை. விடுமுறை நாளில் சுவர் எழுதுவார். அவர் வந்து சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டுப் போனார்.

அன்று மதியம் அப்பா ஒரு காகிதத்தோடு சாப்பிட வந்தார்.

"நீலா, இங்க ஒரு கையெழுத்து போடு."

"எதுக்குங்க?"

"கேஸ் கனெக்‌ஷனுக்கு."

"படிச்சுப் பாக்கட்டுங்களா?"

"நான் படிச்சிட்டேன். வூட்டுக்கு ஒருத்தர் படிச்சா போதாதா?"

ஒரு கையில் நான். இன்னொரு கையால் அம்மா போட்டாள்.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்கப் போனவள் சுவரைப் பார்த்தாள். ஆறு அடி உயரத்துக்கு ஒரு கூஜா, அப்பாவின் கட்சிச் சின்னம். பக்கத்தில் கட்சித் தலைவர். கைப்பழக்கத்தில் ஆனந்தராஜ் மாமா வரைந்ததால், கொலுவில் உட்காரும் மளிகைக்கடை பொம்மை மாதிரி, கண் மட்டும் பெரிதாக. அதன் கீழே, 'இச்சுவர் கூஜாவுக்கு ரிசர்வ்'.

கேஸ் கனெக்‌ஷன் நான்கு வருடம் கழித்து வந்தது. அம்மா போட்டது சுவருக்கான சம்மதக் கையெழுத்து.

எங்கள் பக்கத்தில் இந்த ரிசர்வ் ஒரு பெரிய வழக்கம். தேர்தல் வர ஒரு வருடம் இருக்கும்போதே சுண்ணாம்பும் மட்டையுமாகக் கட்சிக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். நல்ல சுவராகப் பார்த்து வெள்ளை அடித்து, கட்சிப் பெயரையும் ஆண்டையும் போட்டு, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் பிடித்த சுவரை இன்னொருவர் தொட மாட்டார். சொந்த அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள்; சுவர் ரிசர்வை மட்டும் மதிப்பார்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதுதான் அதில் கிடையாது. எங்கள் வீட்டில் அதுவும் நடந்தது. கேட்காமல் விட்டது வீட்டுக்காரியை.

ஏனென்றால் மனை அம்மா பெயரில் இருந்தது. அம்மாவின் அப்பா எழுதி வைத்தது. இது அப்பாவுக்குத் தெரியும். நம் எல்லோருக்கும் பூமி சுற்றுகிறது என்று தெரிந்திருக்கிற மாதிரி தெரியும்.

அதற்குப் பிறகு அம்மா கேட்காமல் இல்லை. ஒவ்வொரு தேர்தலும் முடிந்த மறுநாள் கேட்பாள்.

"ஏங்க, எலக்‌ஷன்தான் முடிஞ்சுதே. எம் பேரை எப்ப எழுதறது?"

"அடுத்த எலக்‌ஷன்ல பாக்கலாம் நீலா."

பாராளுமன்றம் வந்தது, சட்டமன்றம் வந்தது, உள்ளாட்சி வந்தது. இந்த நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் தேர்தலுக்கு வராது. அப்பாவின் கட்சி ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. ஜெயித்திருந்தால்கூட அந்தத் திமிரில் சுவரைத் திருப்பிக் கொடுத்திருப்பார். தோற்றவர் எப்படிக் கொடுப்பார்?

இதன் விளைவாக அம்மாவுக்கு ஊரில் பெயரே இல்லாமல் போனது. மங்கலம்பேட்டையிலிருந்து துபாய்க்காரர் வீட்டுப் பெண்கள் ரவிக்கை தைக்க வருவார்கள். வழி கேட்டால், "கூஜா போட்ட வூடு, போங்க." அப்புறம் அது, "கூஜாக்கார அக்கா நல்லா தைப்பாங்க." ஒரு முறை கல்யாணப் பத்திரிகை ஒன்றே 'திருமதி கூஜா அக்கா' என்று வந்தது. அம்மா அதை மடித்து ஊசி டப்பாவில் வைத்துக்கொண்டாள். அப்பா கட்சிக்குக் கூஜா தூக்கினார். பெயர் அம்மாவுக்கு வந்தது.

இவ்வளவு கோபமாகச் சொல்கிறேனே, ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தச் சுவர் பிடிக்கும்.

எனக்கு 'அ' வருவதற்கு முன்னால் 'கூ' வந்தது. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் தெரிந்த எழுத்துக்கு ஒரு படம் போடச் சொன்னபோது எல்லாப் பிள்ளைகளும் அணில் போட, நான் கூஜா போட்டேன். தேர்தல் வந்தால் எங்கள் தெருவுக்கே ஒரு வாசனை வரும். சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசை காய்ச்சிக் கலக்கிற வாசனை. இப்போதும் எங்காவது வெள்ளை அடித்தால் என் மூக்கு வாக்குச்சாவடியைத் தேடும். ஸ்கூல் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவேன். ஆனந்தராஜ் மாமா நூலில் நீலம் தடவிச் சுவரில் இழுத்துக் கட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். நேர்கோடு ஒன்று பட்டென்று உட்காரும். அதைப் பார்ப்பதற்காகவே அடிக்கடி அரசாங்கம் கவிழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் தேங்காய்த் தொட்டியில் மிச்சமிருக்கும் நீலப் பெயிண்ட் எனக்கு. மாமா என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, தலைக்கு மேலே ஒரு பொட்டு வைப்பார். "போன எலக்‌ஷனுக்கு இப்ப ஒரு சாண் ஒசந்திருக்க. நம்ம கட்சி ஓட்டு இப்படி ஒசந்தா தேவலை." அடுத்த தேர்தலில் அந்தப் பொட்டின் மேல் வெள்ளை அடிப்பார்கள். மேலே புதுப் பொட்டு வரும். அப்பா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் சுவர் போனால் போகட்டும் என்று தோன்றும்.

தோன்றக் கூடாது. அதுதான் என் வாதம்.

இந்த வருடத் தேர்தலில் விஷயம் சூடாகிவிட்டது. காரணம் பஸ் ஸ்டாப். ரோடு அகலமாக்கியதில் பழைய ஸ்டாப் போய், புது நிழற்குடை எங்கள் மேற்குச் சுவருக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தது. திட்டக்குடி பஸ்ஸுக்கும் கடலூர் பஸ்ஸுக்கும் நிற்கும் அத்தனை பெண்களும் வேறு வேலையில்லாமல் அந்தச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். அம்மா பவர் மெஷின் ஒன்று வாங்கியிருந்தாள். மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இப்ப அந்தச் சுவத்துல எம் பேரு இருந்தா நல்லாருக்கும்."

"கட்சியில இந்தத் தடவ இனியவனை நிறுத்தறாங்க நீலா. வெள்ளிக்கிழமை அவரே நம்ம சுவத்தாண்ட வந்து போட்டோ எடுத்துக்கறாராம். இருவத்திரெண்டு வருசமா ஒரே சின்னம் இருக்கிற சுவரு இந்தத் தொகுதியிலியே நம்முதுதானாம். அடுத்த எலக்‌ஷன்ல பாக்கலாம்."

அம்மா துடைத்த துணியை மடித்து வைத்தாள். சிதம்பரத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த நான் சும்மா இருப்பேனா?

"அப்பா, நகராட்சிப் பகுதியில தேர்தல் விளம்பரம் சுவத்துல எழுதவே கூடாது. வூட்டுக்காரங்க சம்மதிச்சாலும் கூடாது. தெரியுமா?"

"நல்ல சட்டம். இருக்கட்டும்."

"அப்ப அழிச்சிடலாமா?"

"நம்ம வூடு நகராட்சி இல்லியே பாப்பா."

"போன மாசம் சாக்கடை அடைச்சிக்கிச்சுன்னு நகராட்சி ஆபீஸ்ல போயி சத்தம் போட்டது யாரு?"

"சாக்கடை நகராட்சி. வூடு ஊராட்சி."

"நடுவுல?"

"நடுவுல எல்லைக்கல்லு. அதுக்குப் பக்கத்துல நான்."

அது உண்மைதான். எங்கள் சுவர் மூலையில் அரை அடிக்கு ஒரு கல் நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் நகராட்சி, இந்தப் பக்கம் ஊராட்சி. அப்பா குப்பை வண்டி வரும்போது அந்தப் பக்கமும், மற்ற நேரம் இந்தப் பக்கமும் குடியிருந்தார்.

"மாடியில அஞ்சு கொடி கட்டியிருக்க. ஒரு வூட்டுக்கு மூணுக்கு மேல கூடாதுப்பா."

"அப்ப ரெண்ட அவுத்து உன் ரூம்ல வெச்சுக்கோ. பரிச்சைக்குப் படிக்க ஒரு ஊக்கமா இருக்கும்."

இரண்டு நாள் இப்படிப் போனது. சட்டம், விதி, சுற்றறிக்கை, எல்லாம் சொன்னேன். அப்பா பேட்டையில் பியூஸ் கேரியர் சோதிக்கிறவர். முப்பது வருடமாக ஒவ்வொரு பீங்கானையும் விரலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசல் சொல்லுவார். என் வாதத்தையும் அப்படியே தட்டிப் பார்த்து ஓரமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் ஏதாவது பேசும்மா."

"நீங்க பேசிட்டு இருங்க. எனக்கு பதினோரு ரவிக்கை இருக்குது."

திங்கட்கிழமை வி.ஏ.ஓ. அமுதவள்ளி மேடம் வந்தார். ஸ்கூட்டியில் அவர், பின்னால் மினி ஆட்டோவில் சுண்ணாம்பு பக்கெட்டும் இரண்டு ஆளும். ரோட்டோரச் சுவர்களை எல்லாம் வரிசையாக அழித்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு. அப்பா வீட்டு வரி ரசீதோடு ஓடினார்.

"மேடம், இது ஊராட்சிங்க. கல்லு பாருங்க."

மேடம் கல்லைப் பார்த்தார். ரசீதைப் பார்த்தார். "ஊராட்சிதான். உரிமையாளர் எழுத்துல சம்மதம் குடுத்தா எழுதிக்கலாம். சம்மதக் கடிதம் இருக்குதுங்களா?"

"நான்தாங்க வூட்டுக்காரன். வாயாலயே குடுக்கறேன்."

"ரசீதுல நீலாவதின்னு இருக்குது."

"அது சும்மா பேருக்குங்க."

"எனக்கு அந்தப் பேருதாங்க வேணும்."

நான் கதவோரமாக நின்று கைதட்டாத குறை. மேடம் ஸ்கூட்டியைத் திருப்பியபடி சொன்னார்: "நாளைக்குள்ள குடுங்க. உரிமையாளரே எழுதணும். எந்தச் சுவரு, எந்தப் பக்கம், நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எல்லாம் தெளிவா இருக்கணும். ஒரு சாட்சி. கடிதத்துல இருக்கிற இடத்துல மட்டும்தான் எழுதணும். அதுக்கு வெளிய ஒரு இஞ்சு போனாலும் வந்து அழிச்சிட்டு, எழுதினவர் மேல கேஸும் போடுவேன்."

அன்று சாயங்காலம் அப்பா ஜங்ஷன் பக்கமிருந்து மல்லிகைப் பூவோடு வந்தார். எங்கள் வீட்டில் மல்லிகைப் பூ என்பது அவசர நிலைப் பிரகடனம்.

"நீலா."

"சொல்லுங்க."

"ஒரு கடிதாசி."

"எழுதித் தரேங்க."

நான் அதிர்ந்து போனேன். "அம்மா. இருவத்திரெண்டு வருசம். பஸ் ஸ்டாப்பு. சட்டமே உன் கையில இருக்குது. நீ முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"உங்கப்பா கேக்கறாரு. எப்புடிடி முடியாதுன்னு சொல்றது?"

"பாத்தியா," என்றார் அப்பா. "காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

பெண்ணுக்குச் சொத்துரிமை கிடைத்து என்ன, உரிமையை மல்லிகைப் பூவுக்குக் கொடுத்துவிடுகிறார்களே என்று அரை மணி நேரம் பேசினேன். யாரிடம் பேசினேன் என்று தெரியவில்லை. அம்மா டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போய்விட்டாள். அப்பா நுனியைப் பிடிக்கப் போய்விட்டார். கொல்லைப் பக்கம் துணி துவைக்கிற கல் பக்கத்தில் நின்று, உள்ளேயிருந்தபடியே சுவரை அளந்தார்கள்.

"ஏன் நீலா, உள்ளாற நின்னு அளக்கற?"

"வெளிய வெயிலுங்க. சுவரு ரெண்டு பக்கமும் ஒரே நீளம்தானே."

அப்பா டேப் நுனியோடு என் பக்கம் திரும்பினார். "இதாண்டி அறிவு."

அம்மா இன்ச் கணக்கில் அளந்தாள். நீளம் எழுபத்திரண்டு, உயரம் எழுபத்திரண்டு, சுற்றிலும் ஒரு இன்ச் தையலுக்கு விட்டிருப்பதாகச் சொன்னாள். அப்பா இருபது அடியும் கேட்டார். "கூஜா ஆறடிதானே? அதைத் தளர்வா தைச்சா தொங்குங்க," என்றாள். தையல் விஷயத்தில் அப்பா குறுக்கே பேசுவதில்லை. பிறகு மெஷின் மேல் காகிதத்தை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"சாட்சி நீங்க போட்டுடுங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

அப்பா பேனாவை வாங்கினார். "நீ எழுதியிருக்க. நீ படிச்சிருப்ப. வூட்டுக்கு ஒருத்தர் படிச்சா போதாதா?"

போட்டார். முப்பது வருடம் பீங்கானைத் தட்டிப் பார்க்காமல் டப்பாவில் போடாத மனிதர். மறுநாள் காலையில் அவரே கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தார். நான் கோபத்தில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடக்கப் போவதை நான் முன்பே தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான்காவது வருடம் சாட்சியச் சட்டம் படித்திருக்கிறேன். பொய் சொல்ல வராது.

வியாழக்கிழமை காலையில் ஆனந்தராஜ் மாமா வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பழைய வண்ணம் உப்பி நிற்கிறது, சுரண்டாமல் அடித்தால் நிற்காது என்று கரண்டியை எடுத்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் நின்றுவிட்டேன்.

சுவர் பாளம் பாளமாக உரிந்தது. ஒவ்வொரு பாளத்திலும் ஓரத்தில் கோடு கோடாக நிறங்கள். ரோஸ், அதன் கீழே மஞ்சள், அதன் கீழே வெள்ளை, அதன் கீழே ஒரு பச்சை.

"பச்சை எந்த வருசம் மாமா?"

"நீ மூணாவது படிக்கறப்ப. அந்த வருசம்தான் ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் போச்சு."

"மஞ்சள்?"

"எனக்குக் கல்யாணம் ஆன வருசம். கையில மருதாணியோட எழுதினேன்."

உரிய உரிய, என் பொட்டுகள் வந்தன. முதலில் நெஞ்சு உயரத்தில் ஒன்று. பிறகு வயிற்றளவில். மாமா சுரண்டுவதை நிறுத்திவிட்டு விரலால் தேய்த்தார். கடைசியாக முழங்காலுக்கு மேலே ஒன்று, மங்கிய நீலம், ஒற்றை ரூபாய் அளவு. அப்பா வந்து குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு அப்போது யாரிடம் என்ன வாதாடியிருப்பேன் என்று நினைத்தேன்.

"இவ்வளவுதான் இருந்த," என்றார் அப்பா. "இப்ப என்னா பேச்சு பேசற."

ஐந்து நிமிடம் நாங்கள் ஒரே கட்சி.

அப்புறம் அப்பா தொண்டையைச் செருமி, "சரி ஆனந்தராஜு, கூஜாவப் போடு. நாளைக்கு வேட்பாளர் வராரு," என்றார். மாமா பொட்டுகள் இருந்த இடத்தை மட்டும் கடைசிக்கு விட்டுவிட்டு வெள்ளை அடித்து, காய்ந்ததும் நூலைச் சுண்டினார். கோடு விழுந்தது. கரித்துண்டை எடுத்துக் கூஜாவின் கழுத்தை வளைத்தார்.

அம்மா வாசலுக்கு வந்தாள். கழுத்தில் டேப். கையில் முத்திரை போட்ட நகல்.

"கொஞ்சம் நிறுத்துங்கண்ணே."

"என்னா அண்ணி?"

"அங்க எழுதினா உங்க மேல கேஸ் ஆயிடும்."

அப்பா சிரித்தார். "நீதானே நீலா சம்மதம் எழுதிக் குடுத்த?"

"எழுதிக் குடுத்தது அங்க இல்லியேங்க."

கடிதத்தை அப்பா வாங்கினார். அவர் அதைப் படித்தது அதுவே முதல் முறை. உதடு அசைந்தது. ஒரு இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'மேற்குச் சுவர்' என்று இருந்தது. அடுத்த வரியில், 'பக்கம்: உட்புறம், துணி துவைக்கும் கல்லுக்கும் குளியலறைக் கதவுக்கும் இடையில்.'

சாட்சி: பழமலை.

சரியாக அந்த நேரம் அமுதவள்ளி மேடத்தின் ஸ்கூட்டி வந்து நின்றது. அப்பா ஓடினார்.

"மேடம், இதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. உட்புறம்னு எழுதியிருக்குது. சின்னத்தை யாராவது உள்பக்கமா எழுதுவாங்களா?"

"வெளிய எழுதணும்னு எங்கயும் இல்லிங்களே. உரிமையாளர் எந்த இடத்துக்குச் சம்மதம் குடுத்தாங்களோ அந்த இடம்."

"அங்க யாருங்க பாப்பாங்க?"

"குளிக்கப் போறவங்க பாப்பாங்க."

"அவ எழுதினது எனக்குத் தெரியாதுங்க மேடம்."

"சாட்சி யாருங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு வக்கீலைப் பார்க்கிற பார்வை. வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவர் என்னிடம் சட்ட ஆலோசனை கேட்டார். நான் அதற்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா? ஆனால் நானும்தான் படிக்கவில்லை.

"வேணும்னா புதுசா வேற கடிதம் எழுதித் தரச் சொல்லுங்க," என்றார் மேடம், அம்மாவைப் பார்த்து.

"தரேங்க," என்றாள் அம்மா. "பதினோரு ரவிக்கை முடிஞ்சதும்."

மேடம் ஸ்கூட்டியிலிருந்து இறங்காமலேயே கேட்டார். "நீங்கதான் கூஜா அக்காவா? எங்க அண்ணி சொல்லியிருக்காங்க. பேரைப் போட்டு வைக்கக் கூடாதுங்களா? கடையத் தேடி நாலு தடவ சுத்தினேன்."

"கடைப் பேரு எழுத உங்க அனுமதி வேணுங்களா மேடம்?"

"அது அரசியல் இல்லியே. உங்க சுவரு, உங்க பேரு."

அன்று மதியம் ஆனந்தராஜ் மாமா இரண்டு வேலை செய்தார். முதலில் கொல்லைப் பக்கம் போய், துவைக்கிற கல்லுக்கும் குளியலறைக்கும் நடுவில், எழுபத்திரண்டுக்கு எழுபத்திரண்டு இன்ச்சில், ஒரு கூஜா. குறையே சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் போட்டதிலேயே அதுதான் அழகான கூஜா. பிறகு வெளியே வந்து 'நீலாவதி' என்று எழுதி, 'தையலகம்' தொடங்கும் முன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பொட்டுகள் இருந்த இடம் நடுவில் வந்தது.

"அது மேல அடிச்சுடட்டுமா அண்ணி?"

"வேண்டாண்ணே. அந்த ஒரு முழத்தை விட்டுடுங்க. தையலுக்கு விட்டதா இருக்கட்டும்."

அதனால் இப்போதும் எங்கள் சுவரில் 'நீலாவதி'க்கும் 'தையலக'த்துக்கும் நடுவில் ஒரு முழம் பழைய சுவர் தெரிகிறது. அதில் ஐந்து நீலப் பொட்டு ஏணி மாதிரி ஏறிப் போகிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அது என்ன சின்னம் என்று கேட்கிறார்கள். உரிந்த பாளம் ஒன்றை நான் எடுத்து அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ரோஸ், மஞ்சள், வெள்ளை, பச்சை. புத்தகம் சரியாக மூட மாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை வேட்பாளர் இனியவன் வந்தார். மாலை, துண்டு, நாற்பது பேர். சுவரைப் பார்த்தார். நீலாவதி தையலகம் என்று வாசித்தார். "பழமலை அண்ணே, நம்ம சின்னம்?"

"உள்ள வாங்க தம்பி," என்றார் அப்பா, மாப்பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில்.

நாற்பது பேரும் வரிசையாக அடுப்படியைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார்கள். வேட்பாளர் துவைக்கிற கல் மேல் ஏறி நின்று கும்பிட்டார். பின்னால் கூஜா. தலைக்கு மேலே கொடியில், ஊக்கு வைக்கக் காத்திருந்த, தண்ணீரே படாத பதினோரு ரவிக்கை. அவற்றை எடுக்கட்டுமா என்று கட்சிக்காரர் ஒருவர் கேட்டதற்கு, "ஈரம் காயலைங்க," என்றாள் அம்மா, மோர் கொடுத்துக்கொண்டே. படம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க எல்லார் போனிலும் சுற்றியது. அதன் கீழே கொள்கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 'இடமிருந்து மூணாவது, கத்திரிப்பூ கலர், எங்க தைச்சது?' என்று கேட்டிருந்தார்கள். வேட்பாளர் வீட்டம்மாவே மறுநாள் நான்கு துணியோடு வந்தார். யாரிடமும் வழி கேட்காமல் நேராக வந்தார்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் அப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், நிழற்குடையில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பஸ் வந்து போனது. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் என் கல்லூரித் தோழிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்; இருந்தாலும் இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே சுவர், ஒரே சின்னம், ஒரு தடவைகூட ஜெயிக்காத ஒரே கட்சி. அவரும் ஒரு மாதிரி விசுவாசம்தான் தைத்துக்கொண்டிருந்தார், பிரித்துப் பிரித்து.

திரும்பி வந்து, மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுத்து நல்லாத்தான் வந்திருக்குது நீலா."

"ஆமாங்க."

"தூரத்துலேர்ந்து பாத்தாலும் தெரியுது."

"தெரியணும்னுதாங்க எழுதினது."

அம்மா மெஷினை ஓட்டினாள். அப்பா காலை ஆட்டினார். நிறுத்தினார்.

"இல்ல... கூஜாவ எப்ப வெளிய எழுதறது?"

அம்மா மெஷினை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அடுத்த எலக்‌ஷன்ல பாக்கலாங்க."